முன்னூத்தி ஒண்ணும் ரெட்டைச் சுங்கமும்

எங்க சந்தைக்கு வராத சரக்கு இல்லை, வராத மனுசரும் இல்லை. ஆனா கேக்கிறவங்க காதை அலுத்துப் போகப் பண்றதுல முன்னூத்தி ஒண்ணுக்கு ஈடா இந்தப் பக்கம் ஒருத்தர் பொறக்கலை, இனிமேலும் பொறக்க மாட்டார். சும்மா சொல்லலை. கல்யாண மைக்செட்டு, எலெக்சன் ஜீப்பு, ஆடிக் காத்து எல்லாத்தையும் கேட்டவ நான். அதெல்லாம் ஒரு கட்டத்துல நின்னுடும். இப்போ அவர் மகள் வூட்டோட ஓசூர்ல இருக்கார். பாவம் ஓசூர்.

ஏரியூருக்கும் பென்னாகரத்துக்கும் நடுவுல எங்க சந்தை. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். இதுல வர்ற குத்தகைக்காரர்தான் இன்னும் வாரா வாரம் எனக்குச் சுங்கச் சீட்டுக் கிழிக்கிறார். அவர் மொகத்துல முழிச்சுத்தான் நான் பொழப்பை ஓட்டணும். நான் கேவுரு விக்கிறவ. கேழ்வரகைத்தான் எங்க பக்கம் கேவுருன்னு சொல்வோம். கூடக் கொஞ்சம் கொள்ளு, அவரைக்கொட்டை. சந்தைக்குள்ள பெரிய புளியமரம் ஒண்ணு இருக்குது. அதுக்கடியில மொத எடம் என்னுது. மாமியாருக்கு அப்புறம் எனக்கு வந்துச்சு. பொழுது சாயுற வரைக்கும் அங்க வெயில் எட்டிப் பார்க்காது. கலெக்டரே வந்து கேட்டாலும் அந்த எடத்துல ஒரு சாண் கொடுக்கிறதா இல்லைன்னு நான் சொல்லி வெச்சிருந்தேன். கலெக்டர் கேக்கலை.

முன்னூத்தி ஒண்ணுங்கிறது அவருக்கு அப்பன் ஆத்தா வெச்ச பேரு இல்லை. அரசியல் சட்டத்துல ஒரு பிரிவோட நம்பராம் அது. இந்தியா பூரா வியாபாரமும் போக்குவரத்தும் தடையில்லாம நடக்கணும்னு அதுல எழுதியிருக்குதாம். கேவுரு விக்கிறவளுக்கு இது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. எங்க சந்தையில கருவாடு விக்கிறவங்களுக்கும் தெரியும். சொல்லிச் சொல்லியே எங்க எல்லாரையும் கால் வக்கீலா ஆக்கி வெச்சிருந்தார்.

அவர் முழு வக்கீலு. படிச்சுப் பட்டம் வாங்கினவர். சித்திரை வெயில்லயும் கறுப்புக் கோட்டைக் கழட்ட மாட்டார். காஞ்சு காஞ்சு தோள்பட்டை ரெண்டும் செம்பட்டையாப் போயிருந்துச்சு. பின்னாலேருந்து பார்த்தா வயசான எருமை ஒண்ணு நடந்து போற மாதிரி இருக்கும். சந்தைக் கேட்டுக்குப் பக்கத்துல பாய் டீக்கடையில ஒரு மேசையும் பெஞ்சியும் அவருக்குன்னு இருந்துச்சு. கட்சிக்காரங்க வருவாங்கன்னு வாரா வாரம் அங்க உக்காந்திருப்பார். டீதான் வரும்.

கட்சிக்காரங்க ஏன் வரலைன்னா அதுக்கும் ஒரு காரணம் உண்டு. மனுசருக்கு நியாயத்து மேல அப்படி ஒரு பிரியம். ரெண்டு பக்கத்து நியாயத்து மேலயும். ஒருக்கா அதியமான்கோட்டைப் பக்கத்து ஆளு ஒருத்தர், பக்கத்துக் காட்டுக்காரன் தன் ஆட்டைப் புடிச்சுக் கட்டிக்கிட்டான்னு இவர்கிட்ட வந்தார். இவரும் கோர்ட்டுல நின்னு நல்லாத்தான் பேசினாராம். ஜட்ஜே தலையாட்டினாராம். அதோட உக்காந்திருக்கலாம். இவர், "எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு முக்கியமான பாயிண்ட்டை வுட்டுட்டாருங்க, அதை நானே சொல்லிடுறேன்"னு ஆரம்பிச்சார். பொழுது சாயுறதுக்குள்ள ஆடு எதிர்த்தரப்புக்குப் போயிடுச்சு.

ஆட்டுக்காரர் டீக்கடைக்கு வந்து சண்டை போட்டப்போ நானும் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? நான் காசு கொடுத்தேனா, அவன் கொடுத்தானா?"

"நீங்கதாங்க கொடுத்தீங்க."

"அப்புறம் எதுக்கு அவனுக்குப் பேசினீங்க?"

"அவரு வக்கீலு சரியில்லைங்க. யாராச்சும் பேசணுமில்லைங்களா?"

அதுக்கப்புறம் கோர்ட்டு அவரைத் தேடலை. அவரும் கோர்ட்டைத் தேடலை. முன்னூத்தி ஒண்ணை மட்டும் கையில புடிச்சுக்கிட்டு ஊருக்குள்ள எறங்கிட்டார். பஸ்ஸுல பலாப்பழ மூட்டையை ஏத்தக் கூடாதுன்னு கண்டக்டர் சொன்னா முன்னூத்தி ஒண்ணு. பக்கத்து ஊர் எளநீக்காரரை நம்மூர்ல நிறுத்தக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா முன்னூத்தி ஒண்ணு. கீழத்தெரு மாடு மேலத்தெருச் சோளத்துல பூந்துடுச்சு, சோளக்காரர் தடியோட நிக்கிறார், அங்கயும் போயி நின்னார். "இந்தியாவுக்குள்ள தடையில்லாமப் போகலாமுங்க"ன்னார். சோளக்காரர் தடியை எறக்கினார். இவர் அதோட வுட்டாரா? "ஆனா மாடு வியாபாரம் எதுவும் பண்ணலைங்க, சும்மா தின்னுச்சு, அதனால இந்தப் பிரிவு பொருந்தாது"ன்னார். தடி மறுபடியும் ஏறிடுச்சு. மாட்டுக்காரம்மா இன்னைக்கு வரைக்கும் அவர் பேரைச் சொன்னா எச்சி துப்பும்.

இப்படிப் போயிக்கிட்டிருந்த காலத்துலதான் எங்க பஞ்சாயத்துல ஒரு தீர்மானம் போட்டாங்க.

ஆத்துக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. அங்கேருந்து கேவுரும் கொள்ளும் எப்பவும் வரும். மாதேவம்மான்னு ஒருத்தி கொள்ளேகால் பக்கத்துலேருந்து மூட்டை கொண்டாந்து எனக்குப் பக்கத்து எடத்துல உக்காருவா. அவ கேவுரு நல்லா செவப்பா, மணி மணியா இருக்கும். வெலையும் கொறைச்சுத்தான் சொல்வா. நானும் அவளும் சண்டை போட்டுக்கிட்டதும் உண்டு, ஒரே தூக்குலேருந்து களி தின்னதும் உண்டு. அந்த வருசம் எங்க பக்கம் கேவுரு போணியாகலை. வெவசாயிங்க கத்தினாங்க. பஞ்சாயத்துல கூடிப் பேசி, வெளி மாநிலச் சரக்குக்கு ரெட்டைச் சுங்கம், கடையும் வேலிக்கு வெளியிலதான்னு போர்டு கட்டிட்டாங்க. வேலிக்கு வெளியன்னா பொட்டல் வெயிலு, அப்புறம் மீன் கழுவுற தண்ணி ஓடுற சாக்கடை.

பொய் எதுக்கு, எனக்கு அது நல்லாத்தான் பட்டுச்சு. செவத்த கேவுரு வெளிய போனா கறுத்த கேவுரு விக்கும்.

சிக்கல் எங்கன்னா, சரக்கைப் பார்த்து எந்த மாநிலம்னு எப்படிச் சொல்றது? கேவுருல முத்திரையா குத்தியிருக்குது? குத்தகைக்காரர் மொதல்ல வண்டி நம்பரைப் பார்த்தார். அவங்க எல்லையிலயே நம்மூரு வண்டிக்கு மூட்டையை மாத்திக்கிட்டு வந்தாங்க. அப்புறம் யோசிச்சு அவரே ஒரு பரிச்சை கண்டுபிடிச்சார். கேட்டுல நின்னுக்கிட்டு, "ஒரு வள்ளம் அளந்து காட்டு"ன்னு சொல்றது. எங்க பக்கம் நாலு படி ஒரு வள்ளம். அளக்கிறவங்க வாயாலதானே எண்ணணும். தமிழ்ல எண்ணினா உள்ள, கன்னடத்துல எண்ணினா வெளிய.

அவருக்கு மூளை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இருந்துச்சு, ஆனா எங்க ஊருக்கு அது பத்தலை. எங்க சனத்துல பாதிப் பேரு எப்பவோ ஆத்தைத் தாண்டி வந்தவங்க. வெளிய பேசுறது தமிழு. ரேசன் கடையில தமிழு, ஆஸ்பத்திரியில தமிழு. ஆனா எண்ணுறதும் திட்டுறதும் மட்டும் வூட்டுப் பேச்சுலதான் வரும். அதை மாத்த முடியாது. மாத்திப் பார்த்தா கணக்கும் தப்பும், திட்டும் ஒறைக்காது.

என் முறை வந்துச்சு. படியை எடுத்தேன். "லாபா, எரடு, மூரு, நாக்கு"ன்னு போட்டு முடிச்சேன். மொதப் படியை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னுதான் சொல்வோம், எந்தப் பாசையா இருந்தாலும்.

குத்தகைக்காரர் தலையைச் சொறிஞ்சார். "ஆயா, நீங்க வெளியங்க."

"எதுக்குப்பா?"

"எண்ணினது கன்னடமுங்க."

"அளந்தது கேவுருதானே? கன்னடத்தையா அளந்து போட்டேன்?"

"ரூலுங்க ஆயா. உங்களுக்குப் பார்த்தா எல்லாரும் கேப்பாங்க."

எனக்குப் பின்னால ஒருத்தர் நின்னார். பெங்களூர்லயே பொறந்து வளர்ந்த தமிழாளு, மைசூர்ப் பக்கத்துக் கொள்ளு மூட்டையோட வந்திருந்தார். "லாபம், ரெண்டு, மூணு"ன்னு கணீர்னு எண்ணினார். "உள்ள வாங்க மாமா"ன்னு அவரைக் கூட்டிக்கிட்டுப் போயி புளியமரத்தடியில, என் எடத்துல, உக்கார வெச்சாங்க.

நான் சாக்கடை ஓரத்துல மூட்டையை எறக்கினேன். மாதேவம்மா ஏற்கெனவே அங்க முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னைப் பார்த்து, "ஏனக்கா, நீனு யாவாக ஆ கடெயிந்த பந்தெ?"ன்னு கேட்டா. நீ எப்போ அந்தப் பக்கத்துலேருந்து வந்தேன்னு நக்கலு. நான் சாக்கடையில நனைஞ்ச மூட்டையைப் பிரிச்சுப் பரப்பினேன்.

அப்பதான் முன்னூத்தி ஒண்ணு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்னைக்குத்தான். கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு. எனக்கு வந்த கஷ்டத்துக்குத்தான் அழுவுறார்னு நெனைச்சேன்.

"அம்மா, வக்கீலு ஆனதுலேருந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேங்க. முன்னூத்தி ஒண்ணுல நெசமாவே ஒரு கேஸு. அதுவும் நம்ம சந்தையில."

"சந்தோசம் வக்கீலய்யா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கேவுரு மேல நெழல் வுழுது."

"கேவுருக்கு நெழல் நல்லதுதானுங்களே?"

"நனைஞ்ச மூட்டைங்க. சாக்கடையில பட்டுடுச்சு, காயணும்."

ஊர்ல எல்லாரும் எனக்கு ஒரே யோசனைதான் சொன்னாங்க. ரேசன் அட்டையைக் கொண்டாந்து காட்டு ஆயா, அட்டையில நம்மூரு பேரு இருக்குது, உள்ள வுட்டுடுவாங்க. சரியான யோசனைதான். நானும் அடுத்த சந்தைக்கு அட்டையை மடியில வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன். அதை இவர் பார்த்துட்டார்.

"காட்டாதீங்கம்மா."

"ஏனுங்க?"

"காட்டினீங்கன்னா நீங்க உள்ள போயிடுவீங்க. ஆனா அட்டை இல்லாதவங்க வெளிய கெடக்கிறதுதான் சரின்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"எனக்கு என் எடம் வேணுமுங்க. மத்ததை வேற யாராச்சும் பார்க்கட்டும்."

"அதுவும் நியாயந்தாங்க"ன்னார். அந்தப் பழக்கம் அவரை வுட்டுப் போகுமா.

மாதேவம்மாகூட என்னைத் தள்ளினா. "ஹோகக்கா, நீனு ஒளகே ஹோகு." உள்ள போகச் சொல்றா. வெயில்ல அவ மொகம் கறுத்துச் சுருங்கிப் போயிருந்துச்சு.

நான் கேட்டு வரைக்கும் போனேன். உள்ள, என் எடத்துல, மைசூர்க் கொள்ளுக்காரர் காலை நீட்டிக்கிட்டு வெத்தலை போட்டுக்கிட்டிருந்தார். குத்தகைக்காரர் கையை நீட்டி, "எடுங்க ஆயா, அட்டையைப் பார்த்துட்டு வுட்டுடுறேன்"னார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு எங்கயோ சுருக்குன்னுச்சு. என் மாமியா உக்காந்த எடம், நான் உக்காந்த எடம், அதுல போயி உக்கார நான் இவனுக்கு அட்டை காட்டணுமா? திரும்பி வந்துட்டேன். முன்னூத்தி ஒண்ணு என்னை ஏதோ பெரிய தேசத் தலைவியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். எனக்கு வந்தது வீம்பு. அவர் அதை அரசியல் சட்டம்னு நெனைச்சுக்கிட்டார். நானும் திருத்தலை.

அப்புறம் ஒரு நாள், முன்னூத்தி ஒண்ணு எழுதிக் கொடுத்த மனுவுக்காக, பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால விசாரணைக்குக் கூடினோம். தலைவரு, குத்தகைக்காரர், வெவசாயிங்க, சந்தைச் சனம் எல்லாரும் இருந்தோம். எனக்குப் பயந்தான். எதிராளியை நெனைச்சு இல்லை, எங்க வக்கீலை நெனைச்சு.

தலைவரு நறுக்குன்னு கேட்டார். "நம்ம வெவசாயி வயித்துல அடிச்சு வெளியாளுக்குச் சோறு போடச் சொல்றீங்களா?"

"நம்ம பாலக்கோட்டுத் தக்காளி எங்கங்க போகுது?"ன்னார் முன்னூத்தி ஒண்ணு. "பெங்களூருக்கு. நம்ம புளி? அதுவும் அங்கதான். அவங்களும் ஆளுக்கொரு கேட்டு கட்டி, ஒண்ணு ரெண்டு எண்ணிக் காட்டுன்னு கேட்டா நம்ம தக்காளி நடு ரோட்டுல அழுகிடுமுங்க. சுங்கம் வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. வாங்குங்க. முன்னூத்தி நாலாம் பிரிவு அதுக்கு எடம் கொடுக்குது. நம்ம சரக்குக்கு என்னவோ அதேதான் அவங்க சரக்குக்கும். கூடப் போடக் கூடாது. பாகுபாடு கூடாது. அவ்வளவுதான்."

சனம் சலசலன்னுச்சு. வெவசாயிங்களே ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. உக்காருங்க வக்கீலய்யான்னு நான் கோட்டு நுனியைப் புடிச்சு இழுத்தேன்.

உக்காரலை. குத்தகைக்காரர் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார்.

"தம்பி, நீ கம்முனு இருந்தா எப்படி? உன் பக்கமும் பாயிண்ட்டு இருக்குதே. இது வரியே இல்லை, கொட்டாயும் தண்ணியும் கக்கூசும் செஞ்சு கொடுக்கிறேன், அதுக்கான கட்டணம்னு சொல்லு."

குத்தகைக்காரர் முழிச்சுக்கிட்டார். "அதேதானுங்க. நான் சொல்ல வந்ததே அதுதானுங்க."

"அவ்வ்"னு கருவாட்டுக்காரம்மா நெஞ்சுல கை வெச்சுச்சு.

"ஆனா தண்ணி எங்க தம்பி?"ன்னார் இவர். "கக்கூசுக் கதவைப் போன ஆடி மாசம் காத்து அடிச்சுக்கிட்டுப் போச்சே, அது கெடைச்சுதா?"

சனம் சிரிச்சுது. எனக்குப் போன உசுரு பாதி வந்துச்சு. ஆனா அவர் வுடலை. "பொது நன்மைக்காகத் தடை போட்டேன்னும் நீ சொல்லலாம். ஆனா அதுக்கு சட்டசபை சட்டம் போடணும், சனாதிபதி முன்கூட்டியே சம்மதிக்கணும். அவரு சம்மதிச்சாரா?"

குத்தகைக்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவரு, "எங்கிட்ட யாரும் கேக்கச் சொல்லலையே"ன்னார்.

ரெண்டு பேரும் ஆபீசுக்குள்ள போயிக் குசுகுசுன்னு பேசிட்டு வந்தாங்க. தலைவரு மொகம் பளிச்சுனு இருந்துச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம்.

"சரிங்க வக்கீலய்யா. பாகுபாடு கூடாது, அதானே? அடுத்த சந்தையிலேருந்து எல்லாரும் வேலிக்கு உள்ள. அவங்கவங்க பழைய எடம். யாரும் எண்ணிக் காட்ட வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சுங்கம்."

சனம் கை தட்டுச்சு.

"ரெட்டைச் சுங்கம்"னு முடிச்சார் தலைவரு.

கை தட்டின கையெல்லாம் அப்படியே நின்னுச்சு. எல்லாரும் முன்னூத்தி ஒண்ணைப் பார்த்தாங்க. ஒரு பொய் போதும். இதுவும் செல்லாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலைவரு நம்பியிருப்பார், சந்தை அவரைத் தோள்ல தூக்கியிருக்கும். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். திரும்பப் போட்டார்.

"அது, இப்போதைக்கு, சட்டப்படி சரிதாங்க"ன்னார்.

கத்திரிக்காய் ஒண்ணு பறந்து வந்து அவர் முதுகுல பட்டுச்சு. சொத்தைக் காய்தான். நல்ல காயை யாரும் வீணாக்க மாட்டாங்க.

அடுத்த சந்தைக்கு நான் புளியமரத்தடிக்குப் போயிட்டேன். மைசூர்க் கொள்ளுக்காரர் எந்திரிச்சு வேற எடம் தேடிக்கிட்டுப் போனார். மாதேவம்மா பக்கத்துல உக்காந்தா. எல்லாரும் ரெட்டைச் சுங்கம் கட்டினோம், எல்லாரும் ஒரே ஆளைத் திட்டினோம், அவங்கவங்க வூட்டுப் பேச்சுல. பாய் கடையில அவர் மேசை மேல பிஸ்கட் டப்பாவை அடுக்கிட்டாங்க. பெஞ்சியில வேற யாரோ. முன்னூத்தி ஒண்ணு சந்தைக்குள்ள வந்து தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் நடுவுல நடந்துக்கிட்டே இருந்தார். நிக்கிற எடத்துல எல்லாம் "வழியை வுடுங்க, யாவாரத்தைக் கெடுக்காதீங்க"ன்னாங்க. வியாபாரத்துக்குத் தடையா இருக்கிறார்னு அவரையே சொன்னாங்க.

கடைசியில எனக்கு எதிர்ல வந்து வெயில்ல நின்னார்.

"கேஸு ஜெயிச்சுட்டோமில்லைங்க அம்மா?"

அவர் ஜெயிச்சது அது ஒண்ணுதான். மொகத்தைப் பார்த்தேன். இல்லைன்னு சொல்ல வாய் வரலை.

"ஜெயிச்சோங்க"ன்னேன். அப்புறம் அவரைக்கொட்டை மூட்டையை இழுத்து என் மடியோரம் வெச்சுக்கிட்டு, அந்த எடத்தைக் கையால கூட்டி வுட்டேன். "இப்படி உக்காருங்க, வெயிலு."

மாதேவம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தா. அவ அந்த எடத்துல ஒரு சாணுக்காக என்கூட எத்தனையோ சண்டை போட்டவ.

அவர் உக்காரலை. "இது உங்க பேருக்கு வுட்ட எடமுங்க. சீட்டு வாங்காத ஆளை உக்கார வெச்சா அதுல ஒரு சிக்கல் இருக்குதுங்க"ன்னு ஆரம்பிச்சார். கையைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சேன். உக்காந்தும் பேசினார். நான் பாட்டுக்குக் கேவுரு அளந்தேன். பாதிக்கு மேல கணக்கு தப்பிப் போச்சு.

பொழுது சாயுற நேரத்துக்குக் குத்தகைக்காரர் சீட்டுக் கட்டோட வந்தார். "ஆயா, எடம் ஒருத்தருக்குத்தானே. இவரு யாரு?"ன்னு கேட்டார். வேணும்னேதான் கேட்டார்.

"எங்க வூட்டு மனுசரு"ன்னேன்.

பக்கத்துல முன்னூத்தி ஒண்ணோட பேச்சு நின்னு போச்சு. அதுக்கு அவர் எந்தப் பிரிவும் சொல்லலை.